ஊசியும் நூலும் பக்கத்தில் ஒரு தோழியும்

நான் பின்னல் கற்கத் தொடங்கி மூன்றாவது வாரம். மடியில் இருந்த நீல மஃப்ளரில் ஒரு கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம் ஒன்று நழுவி, ஏணிப்படி போல ஏழெட்டு வரிசை கீழே இறங்கிவிட்டது. தொட்டால் இன்னும் இறங்கும் என்ற பயத்தில் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அக்கா அதைக் கேட்டு வாங்கினார். பையிலிருந்து முனையில் கொக்கி உள்ள ஒரு குரோஷா ஊசியை எடுத்து, அடியில் தொங்கிய கண்ணிக்குள் விட்டு, அதற்கு மேலே குறுக்கே கிடந்த இழையைக் கொக்கியில் மாட்டி இழுத்தார். கண்ணி ஒரு படி ஏறியது. அந்த வரிசைக்கு முன்பக்கமாக, அடுத்த வரிசைக்குப் பின்பக்கமாக என்று மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டே தன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மேலே வந்து சேர்ந்ததும் கண்ணியை என் ஊசியில் மாட்டித் திருப்பிக் கொடுத்தார். எந்த இடத்தில் நழுவியது என்று எனக்கே தெரியவில்லை.

பின்னலையும், நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையான குவில்ட் தைப்பதையும் வீடியோ பார்த்துத் தனியாகவும் கற்கலாம், தப்பில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஒரு ஆளையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கையில் வேலை இருக்கும்போது கண் கீழே இருக்கிறது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சு நின்றால் சங்கடமில்லை, ஊசி ஓடிக்கொண்டிருக்கும். நேருக்கு நேர் உட்கார்ந்தால் வாயில் வராத விஷயங்கள் பத்து வரிசை பின்னுவதற்குள் தானாக வந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் கைவேலையின் படிகளோடு ஆட்களைச் சேர்க்கும் படிகளும் கலந்தே வரும்.

எதில் தொடங்குவது?

உங்களுக்குக் கிடைக்கும் துணைக்கு எது தெரியுமோ, அதில். துணை இன்னும் கிடைக்கவில்லை என்றால் பின்னலில் தொடங்குங்கள். இரண்டு ஊசி, ஒரு நூல் உருண்டை, அவ்வளவுதான். பையில் போட்டு எங்கும் கொண்டுபோகலாம், பாதி வரிசையில்கூட எடுத்து வைக்கலாம். குவில்டுக்கு மேசை வேண்டும், இஸ்திரிப் பெட்டி வேண்டும், வெட்டியதைப் பரப்பி வைக்க இடம் வேண்டும். ஆனால் கூட்டமாக ஒரே பொருளைச் செய்வதற்குக் குவில்டை மிஞ்சிய வேலை எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்வெட்டரை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பின்ன முடியும். குவில்டை எட்டுப் பேர் பங்கு போட்டுத் தைக்கலாம்.

பின்னல்: வாங்க வேண்டியவை

நூலின் தாளுறையில் பருமனைக் குறிக்கும் எண் ஒன்று இருக்கும். 0-இலிருந்து 7 வரை போகும். 0 இழை போல மெல்லியது, 7 கயிறு போல தடிமன். நீங்கள் 4 எடுங்கள். அதற்கு 5 மி.மீ. ஊசி சரியாக வரும். வெளிர் நிறம், முறுக்கு இறுக்கமான வழவழப்பான நூல். கறுப்பும் கருநீலமும் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் முதல் மாதம் ஒவ்வொரு கண்ணியையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். அடர்நிறத்தில் அது தெரியாது. மயிர் மயிராக நிற்கும் நூலும் வேண்டாம், பிரிக்க நேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஊசி மூங்கிலாகவோ மரமாகவோ இருக்கட்டும். உலோக ஊசியில் கண்ணி வழுக்கி ஓடும். பழகிய கைக்கு அது வேகம், புதுக் கைக்கு அது தலைவலி.

தாளுறையில் சாய எண் என்று இன்னொன்று உண்டு. ஒரே நிறம்தான் என்றாலும் வெவ்வேறு தடவை சாயம் தோய்த்த நூல்கள் சற்றே மாறி நிற்கும். கடை விளக்கில் தெரியாது, பின்னி முடித்தபின் பட்டை பட்டையாகத் தெரியும். பெரிய வேலைக்கு வேண்டிய உருண்டைகள் எல்லாவற்றையும் ஒரே சாய எண்ணில் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். மழுங்கிய முனையுள்ள தடித்த ஊசி ஒன்று, கத்தரிக்கோல், அப்புறம் அந்தக் குரோஷா ஊசி. இவை போதும்.

முதல் சதுரம்

ஊசியில் கண்ணி ஏற்றுவதுதான் பின்னலில் முதலில் வருவது, அதுவே தொடக்கக்காரருக்குக் கடினமானதும்கூட. ஆகவே முதல் தடவை அதைத் துணையிடம் விட்டுவிடுங்கள். அவர் 24 கண்ணி ஏற்றி, நாலைந்து வரிசை பின்னியும் கொடுக்கட்டும். அடியில் பிடிமானமாகக் கொஞ்சம் துணி இருந்தால் புதுக் கைக்குப் பெரிய தெம்பு. ஒரு சதுரத்தை முடித்தபின் கண்ணி ஏற்றக் கற்றால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

பின்னும் அசைவு நான்கே. கண்ணிகள் உள்ள ஊசி இடது கையில். வலது ஊசியின் முனையை முதல் கண்ணிக்குள் முன்பக்கத்திலிருந்து பின்னால் போகும்படி நுழைத்துவிடுங்கள். பின்னால் இருக்கும் நூலை அந்த முனையில் ஒரு சுற்று சுற்றுங்கள். சுற்றிய நூலோடு முனையைக் கண்ணி வழியே முன்னால் இழுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். வலது ஊசியில் ஒரு புதுக் கண்ணி பிறந்திருக்கும். 24 முறை செய்தால் ஒரு வரிசை. ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள்.

எல்லா வரிசையையும் இந்த ஒரே கண்ணியில் பின்னினால் துணியில் வரப்பு வரப்பாக மேடு விழும். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு உண்டு: எத்தனை கண்ணியோ அத்தனை மேடு பின்னினால் துணி ஏறக்குறைய சதுரமாக வந்து நிற்கும். 24 கண்ணிக்கு 24 மேடு. அளவு நாடாவே வேண்டாம், விரலால் தடவி மேடுகளை எண்ணினால் போதும்.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். 24 இருக்க வேண்டியது 25 ஆனால், பெரும்பாலும் வரிசையின் தொடக்கத்தில்தான் தவறு. நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டிருப்பீர்கள். அப்போது முதல் கண்ணியின் இரண்டு கால்களும் ஊசிமேல் ஏறி இரண்டு கண்ணி போலத் தெரியும். நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோய் விட்டுத் தொடங்குங்கள். என் முதல் மஃப்ளர் 30 கண்ணியில் தொடங்கி 41-இல் போய் நின்றதற்கு இது ஒன்றுதான் காரணம்.

இறுக்கிப் பின்னாதீர்கள். பயத்தில் எல்லோரும் நூலை இழுத்து இறுக்குவார்கள், பிறகு ஊசி உள்ளே நுழையாது, தோள் வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குங்கள். முடிக்கும்போதும் அப்படித்தான்: இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேல் தாண்டவிட்டு, இன்னொன்று பின்னி, மறுபடி தாண்டவிட்டு என்று போக வேண்டும். இந்தக் கடைசி வரிசையைத் தளர்வாக விடாவிட்டால் சதுரத்தின் மேல் ஓரம் மட்டும் சுருங்கி நிற்கும்.

அடுத்து மறுகண்ணி. நூல் முன்னால், ஊசி வலமிருந்து நுழையும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வரிசை இதுவரை பின்னிய நேர்க்கண்ணி, ஒரு வரிசை மறுகண்ணி என்று மாற்றினால் கடைகளில் பார்க்கும் ஸ்வெட்டர்களின் வழவழப்பான முகம் வரும். அதன் ஓரம் சுருளும். நீங்கள் எதுவும் தப்பாகச் செய்துவிடவில்லை, அந்தப் பின்னலின் சுபாவம் அது.

ஒவ்வொருவர் கைக்கும் ஓர் அழுத்தம்

ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கண்ணிக் கணக்கு. இரண்டு பேர் பின்னினால் இரண்டு அளவு வரும். அதனால்தான் உடுப்பு பின்னுவதற்கு முன் ஒரு மாதிரிச் சதுரம் பின்னி, 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணுவார்கள். உடுப்பின் பின்னல் குறிப்பில் 18 என்று இருந்து உங்களுக்கு 20 விழுந்தால் உங்கள் கை இறுக்கம், அரை மி.மீ. பெரிய ஊசிக்கு மாறுங்கள். 16 விழுந்தால் சின்ன ஊசி. கையை மாற்ற முயலாதீர்கள். கையெழுத்து போல அது உங்களுடையது. ஊசியை மாற்றுவது சுலபம். இதைப் பலர் சோம்பலில் விட்டுவிட்டுப் பிறகு வருந்துவார்கள். மாதிரியைக் கழுவிக் காயவைத்து அளப்பது இன்னும் உத்தமம், ஏனென்றால் உடுப்பும் கழுவப்படத்தான் போகிறது.

ஆட்களைத் தேடுவது

சுலபமான வழி, பொது இடத்தில் பின்னுவது. ரயிலில், காத்திருப்பு அறையில், நூலகத்து வாசலில். ஊசி கையில் இருந்தால் யாராவது வந்து "என்ன பின்னுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். பின்னத் தெரிந்தவர் என்றால் கேட்கும்போதே விரல் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பொது இடத்தில் கூடிப் பின்னுவதற்கென்றே ஒரு நாள் 2005-இல் தொடங்கப்பட்டு ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பல நாடுகளில் நடக்கிறது.

நான்கு பேர் சேர்ந்தால் குழு தொடங்கிவிடலாம். ஆறு பேர்வரை ஒரே பேச்சாக இருக்கும், அதற்கு மேல் போனால் இரண்டு மூன்றாகப் பிரியும், அதுவும் நல்லதுதான். கிழமையையும் நேரத்தையும் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். "எல்லோருக்கும் வசதியான நாள்" என்று ஒவ்வொரு தடவையும் தேடிய குழுக்கள் மூன்று மாதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்கள். இரண்டு மணி நேரம் தாராளம்.

சந்திப்புக்குக் கொண்டுபோகும் வேலை எண்ணிக்கை தேவைப்படாததாக இருக்கட்டும். ஒவ்வொரு கண்ணியையும் எண்ண வேண்டிய பூ வேலையை வீட்டில் வையுங்கள். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் "கொஞ்சம் இருங்கள், எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்ல வேண்டிவரும்.

சில நாகரிகங்கள் இருக்கின்றன, யாரும் எழுதி வைப்பதில்லை. கேட்காமல் பிறர் ஊசியை வாங்கித் திருத்தாதீர்கள். ஒருவர் வேலையில் தவறு கண்ணில் பட்டால், "மூன்று வரிசைக்கு முன்னால் ஒன்று இருக்கிறது, இப்போது சொல்லட்டுமா, அப்புறம் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். சிலர் அதை அப்படியே விட விரும்புவார்கள், அது அவர்கள் உரிமை. புதிதாக வந்தவர் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் உட்காருங்கள். பேசாமல் இருந்துவிட்டுப் போகிறவர்களை வற்புறுத்தாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் முதல் ஐந்து மாதம் "வருகிறேன்" என்பதைத் தவிர எதுவும் சொன்னதில்லை. ஆறாவது மாதம், தன் அம்மாவுக்கு நினைவு தப்பி வருவதை, ஊசியை நிறுத்தாமல், நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். நாங்களும் ஊசியை நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தோம்.

சேர்ந்து தைக்கும் முதல் குவில்ட்

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் அதைக் குவில்ட் ஆக்குகிறது. அது இல்லாவிட்டால் வெறும் ஒட்டுத்துணி.

நான்கு பேர் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைப் போர்வை ஒன்று, 36 அங்குலச் சதுரம். அதற்கு ஒன்பது சதுரம் சேர்ந்த கட்டங்கள் 16 வேண்டும், ஆளுக்கு நான்கு. எல்லாத் துணியும் நூறு சதவீதப் பருத்தி. சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்க்க முதலில் கழுவி, காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். நைந்துபோகாத பழைய சட்டைகளும் ஆகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் உழைத்து வெளுத்த வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த குவில்டுகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. முழங்கால் பட்ட இடம் வேறு நீலமாக இருப்பதுகூட அவற்றில் ஓர் அழகு.

துணியை மூன்றரை அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். ஒரு கட்டத்துக்கு அடர்நிறம் ஐந்து, வெளிர்நிறம் நான்கு. நான்கு மூலையிலும் நடுவிலும் அடர்நிறம். சுழல்கத்தியும் வெட்டுப்பலகையும் வைத்திருப்பவர் குழுவில் ஒருவர் இருந்தால், எல்லாவற்றையும் அவரே வெட்டட்டும். ஒரே கை வெட்டினால் ஒரே அளவு.

தையல் ஓரம் கால் அங்குலம். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரு தையலில் 1 மி.மீ. கூடுதலாக உள்ளே பிடித்தால் இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து 2 மி.மீ. போகிறது. போர்வையின் அகலத்தில் இப்படி 11 தையல். மொத்தம் 22 மி.மீ. உங்கள் வரிசையும் பக்கத்துத் தோழியின் வரிசையும் பொருந்தாமல் நிற்கும். முதல் நாள் எல்லோரும் ஆளுக்கொரு கட்டம் தைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஒன்பதரை அங்குலம் இருக்க வேண்டும். எங்கள் முதல் அடுக்கில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் ஒரு விரற்கடை வித்தியாசம்! அதன்பிறகு தையல் மெஷினில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒட்டுநாடா ஒட்டிவிட்டோம், கையால் தைப்பவர்கள் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்கள்.

மூன்று மூன்றாகத் தைத்து வரிசை ஆக்கியதும், பின்பக்கத் தையல் ஓரங்களை அடர்நிறத் துணிப் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வெளிர்நிறத்தில் நிழல் விழாது. இன்னொரு நன்மையும் உண்டு. மேல் வரிசையின் ஓரங்கள் வெளிப்பக்கமும் நடு வரிசையின் ஓரங்கள் உட்பக்கமும் சாய்வதால், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போது தையல் மேடுகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே அந்தப் பொருத்தத்தை உணரலாம். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் மூலைகள் அச்சாகச் சேரும்.

பதினாறையும் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். இதற்கு ஒரு மாலை முழுக்கப் போகும், போகட்டும். யாருடைய கட்டம் எங்கே என்று பேசிச் சிரித்து, ஒருவர் நாற்காலியில் ஏறி நின்று பார்த்து, "அந்தச் சிவப்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்லி மறுபடி மாற்றுவது இருக்கிறதே, குழுவாகச் சேர்ந்து தைப்பதில் நான் அதிகம் எதிர்பார்த்திருக்கும் நேரம் அதுதான்.

முகத்துணி இணைந்தபின் அடித்துணியை விரித்து ஓரங்களைத் தரையோடு ஒட்டுநாடாவால் இழுத்து ஒட்டுங்கள். பஞ்சு விரிப்பும் அடித்துணியும் நான்கு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் மாட்டிக்கொள்ளும்.

இனி மூன்று அடுக்கையும் சேர்க்கும் ஓட்டுத்தையல். குட்டையான குவில்ட் ஊசி 8 அல்லது 9 எண்ணில் வாங்குங்கள். எண் கூடக் கூட ஊசி சிறியது. நடுவிரலில் விரலுறை போட்டுக்கொள்ளுங்கள். நூல் முனையில் சின்ன முடிச்சிட்டு, முகத்துணி வழியாக இழுத்து வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு உள்ளே போய்ப் பஞ்சில் மறைந்துகொள்ளும். தையல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்று கவலைப்படாதீர்கள், சம அளவாக இருந்தால் போதும். தையல் வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையில் இருக்கும். அதைத் தாண்டினால் துவைக்கும்போது பஞ்சு உருண்டு திரளும்.

போர்வையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து நான்கு பக்கமிருந்து தைப்பதுதான் பழைய முறை. ஊசி பற்றாக்குறை இல்லாமல் முன்கூட்டியே பத்துப் பதினைந்து ஊசியில் நூல் கோத்து வையுங்கள். சரியாகப் பார்வை தெரியாத மூத்தவர்களுக்கு அது பேருதவி.

கடைசியில் இரண்டரை அங்குலப் பட்டியை நெடுக மடித்து ஓரம் கட்டுங்கள். போர்வையின் பின்பக்க மூலையில் ஒரு சிறு துணித்துண்டில் தைத்தவர்கள் எல்லோர் பெயரும் வருடமும் எழுதித் தைத்துவிடுங்கள். பெயருக்கு என்ன கனம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1987 அக்டோபரில் வாஷிங்டனில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவுக் குவில்ட் முதல் முறையாக விரிக்கப்பட்டது. 1,920 துண்டுகள், ஒவ்வொன்றும் 6 அடிக்கு 3 அடி, இறந்தவரின் பெயர் தாங்கியவை. தைத்தவர்களில் பெரும்பாலோர் நண்பர்களும் காதலர்களும் குடும்பத்தாரும்.

பாதியில் நிற்கும் வேலைகள்

எல்லோர் வீட்டிலும் முடியாத வேலை ஒன்று பையில் இருக்கும். மாதத்தில் ஒரு சந்திப்பை அதற்கென்றே ஒதுக்குங்கள். தொடர மனமில்லாததைப் பிரித்து நூலைச் சேமியுங்கள். பிரித்ததும் சுருள் சுருளாக நிற்கும் நூலைக் கற்றையாகக் கட்டி நனைத்துக் காயவைத்தால் நேராகிவிடும். வேறொருவர் தொடங்கியதை நீங்கள் முடிக்க வேண்டி வந்தால், முதலில் அவர் பின்னிய பகுதியைச் சமமாக விரித்து, மூன்று நான்கு இடத்தில் 10 செ.மீ.-க்குக் கண்ணிகளை எண்ணுங்கள். பிறகு அதே நூலில் உங்கள் மாதிரியை எண்ணுங்கள்.

எனக்கு ஏணியை ஏற்றித் தந்த அந்த அக்கா போன வருடம் காலமானார். அவர் பையில் மகளுக்கென்று தொடங்கிய ஸ்வெட்டர் இருந்தது, ஒரு கை மட்டும் முழங்கை வரை வந்து நின்றிருந்தது. 4 மி.மீ. ஊசியில் அவருக்கு 20 கண்ணி, எனக்கு 22. அதனால் நான் 4.5 மி.மீ. ஊசிக்கு மாறினேன், 20 விழுந்தது. வரிசை உயரம் மட்டும் இம்மி அளவு மாறியது. கழுவி விரித்துக் காயவைத்தபின்னும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அவர் விட்ட இடமும் நான் எடுத்த இடமும் தெரிகிறது. மகளிடம் சொன்னேன், வேண்டுமானால் கையைப் பிரித்து முழுக்கப் பின்னித் தருகிறேன் என்று. வேண்டாம் என்றாள். அது எந்த வரிசை என்று மட்டும் கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டினேன்.